நெட்டில் செடி: அடையாளம் காண்பது முதல் உணவு, நார், உரம் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஐரோப்பாவில் வேலியோரங்களிலும், இரயில் பாதைச் சரிவுகளிலும், கல்லறைத் தோட்டத்தின் மூலைகளிலும், கால்நடைக் கொட்டில்களின் பின்புறத்திலும் இடுப்பளவு உயரத்துக்கு அடர்ந்து நிற்கும் செடி நெட்டில். 1753-ஆம் ஆண்டு ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கு அர்ட்டிகா டயோயிகா என்று பெயரிட்டார். பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் கனடாவிலும் குடியேறிய தமிழர்களில் பலர் இச்செடியைக் கண்ணால் அறிவதற்கு முன்பே தோலால் அறிந்துகொள்கிறார்கள். ஒரு முறை சுணை பட்டு எரிந்தபின் அதைக் களை என்று ஒதுக்கிவிடுவதே பெரும்பாலோர் வழக்கம். ஆனால் கீரையாகவும், துணியாகவும், உரமாகவும், மருந்தாகவும் ஒரே காட்டுச்செடி இத்தனை நூற்றாண்டுகளாக மனிதனுக்குப் பயன்பட்டு வந்தது அரிது. அதைவிட அரிது, மனிதன் குடியிருந்த இடத்தைத் தேடித் தேடி அது வளர்வது. பறிக்கும் இடம், பறிக்கும் காலம், பிடிக்கும் விதம் ஆகியவை அனைத்தும் செடியின் இயல்பைச் சார்ந்தவை என்பதால், இயற்கை வரலாற்றையும் செய்முறையையும் பிரிக்காமல் இங்கே தந்திருக்கிறேன்.

முதற்படி: செடியை உறுதிசெய்தல்

நெட்டிலின் இலைகள் தண்டில் எதிரெதிராக இரண்டிரண்டாக அமைந்திருக்கும். ஓர் இணை கிழக்கு மேற்காக இருந்தால் அதற்கு மேலுள்ள இணை வடக்கு தெற்காக இருக்கும். இலையின் அடி இதய வடிவிலும், விளிம்பு இரம்பப் பற்களுடனும், நுனி கூராகவும் இருக்கும். தண்டு நாற்கோணமானது. மண்ணைக் கிளறினால் மஞ்சள் நிறத்தில் கிடைமட்டமாக ஓடும் வேர்த்தண்டு தென்படும். குளிர்காலத்தில் மேலே அனைத்தும் பட்டுப்போனாலும் இந்த வேர்த்தண்டு உயிரோடிருந்து வசந்தத்தில் மீண்டும் தளிர்க்கும். ஓரிடத்தில் வேரூன்றிவிட்டால் அதை அகற்றுவது கடினமாவதற்கும் அதுவே காரணம்.

ஆண் பூவும் பெண் பூவும் பெரும்பாலும் வெவ்வேறு செடிகளில் பூக்கும். பச்சை நிறச் சரங்களாகத் தொங்கும் அப்பூக்களில் மணமும் இல்லை, கண்ணைக் கவரும் நிறமும் இல்லை, ஏனெனில் மகரந்தத்தைச் சுமப்பது காற்றுதான். ஆண் பூவில் மடங்கி இறுகியிருக்கும் மகரந்தத் தாள்கள் காய்ந்த பொழுதில் திடீரென நிமிர்ந்து மகரந்தத்தைப் புகைபோல் தெறிக்கும். கோடைக் காலையில், வெயிலுக்கு எதிராக நின்று கூர்ந்து பார்த்தால் இதைக் கண்ணாலேயே காணலாம்.

இதைப் போலவே தோன்றி ஏமாற்றும் செடி ஒன்று உண்டு. வெள்ளை டெட்நெட்டில் என்னும் அச்செடி புதினாக் குடும்பத்தைச் சேர்ந்தது. இலையும் நாற்கோணத் தண்டும் ஒன்றுபோலவே இருந்தாலும், அதில் உதடு போன்ற வெள்ளைப் பூக்கள் பூக்கும், சுணை இராது. தோட்டப் பாத்திகளில் முளைக்கும் சிறு நெட்டில், அதாவது அர்ட்டிகா யூரென்ஸ், ஓராண்டுச் செடியாகும். உயரத்தில் சிறியதாயினும் கடுப்பில் குறைந்ததன்று.

தமிழ்நாட்டு வேலிகளில் படரும் செந்தட்டி என்னும் காஞ்சொறியை நெட்டிலோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்த கொடி. அதன் சுணைக்குள் கால்சியம் ஆக்சலேட்டால் ஆன ஊசிப் படிகம் ஒன்று இருந்து தோலைத் துளைக்கிறது, ஆகவே சுணையின் அமைப்பே வேறு. நெட்டிலின் உண்மையான உறவினரைத் தமிழ்நாட்டில் காண விரும்புவோர் நீலகிரிக்குச் செல்ல வேண்டும். சோலைகளின் ஓரத்தில் ஆளுயரத்துக்கு மேல் வளரும் ஜிரார்டினியா டைவர்சிஃபோலியா நெட்டில் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆங்கிலேயர் அதற்கு நீலகிரி நெட்டில் என்றே பெயர் வைத்திருந்தனர். இவ்வழிகாட்டியில் வரும் சமையல் குறிப்புகள் அர்ட்டிகா டயோயிகாவுக்கு மட்டுமே உரியவை. செந்தட்டியைப் பறித்து இதன்படி சமைக்க முனைய வேண்டாம்.

இரண்டாம் படி: சுணையைப் புரிந்துகொண்டு கையாளுதல்

1665-ல் வெளிவந்த மைக்ரோகிராஃபியா என்னும் நூலில் இராபர்ட் ஹூக், நெட்டில் சுணையை நுண்ணோக்கியின் கீழ் வைத்துத் தம் தோலிலேயே குத்தவிட்டு, அடியிலுள்ள பையிலிருந்து நீர் மேலேறி வருவதைக் கண்டு எழுதினார். அவர் கண்டதன் சாரம் இன்றும் மாறவில்லை. ஒவ்வொரு சுணையும் ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரே உயிரணு. பருத்த அடிப்பகுதி பல உயிரணுக்களால் ஆன மேடையில் பதிந்திருக்கும். தண்டுப் பகுதி சுண்ணாம்புச் சத்தாலும், நுனி கண்ணாடியைப் போல எளிதில் உடையும் சிலிக்காவாலும் இறுகியிருக்கும். நுனியிலுள்ள சிறு குமிழ் இலேசாகப் பட்டாலே சாய்வாக உடைந்து, மருத்துவர் போடும் ஊசியின் முனையாகிவிடும். அடிப்பகுதி அழுந்தும்போது உள்ளிருக்கும் நீர் தோலுக்குள் பாய்கிறது.

அந்த நீரில் இருப்பது ஃபார்மிக் அமிலம் என்று பள்ளிப் பாடங்களில் படித்திருப்போம். அது இருப்பது உண்மை, ஆனால் இவ்வளவு எரிச்சலைத் தரும் அளவுக்கு இல்லை. 1947-ல் எம்மலின், ஃபெல்ட்பெர்க் என்னும் ஆய்வாளர்கள் சுணை நீரில் ஹிஸ்டமினும் அசெட்டைல்கோலினும் இருப்பதைக் காட்டினர். 1956-ல் செரோட்டோனினும் அதில் சேர்ந்தது. இவை மூன்றும் நம் உடலிலேயே சுரப்பவை. அதனால்தான் தடிப்பும் சிவப்பும் அரிப்பும் ஒவ்வாமையைப் போலவே தோன்றுகின்றன. வலி மணிக்கணக்கில் நீடிப்பதற்கு ஆக்சாலிக் அமிலமும் டார்டாரிக் அமிலமும் காரணமாகலாம் என்பதை, கிழக்காசிய நெட்டில் ஒன்றை ஆராய்ந்தவர்கள் 2006-ல் வெளியிட்டனர்.

ஐரோப்பிய நெட்டில் இக்குடும்பத்தில் சாதுவான பிள்ளை என்பதையும் சொல்லவேண்டும். புதுச்சேரியில் பணியாற்றிய பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெஷனோ, கல்கத்தா தாவரவியல் பூங்காவில் மரநெட்டில் ஒன்றின் இலை தம் இடக்கை விரல்களில் இலேசாகப் பட்டதையும், வலி அக்குள்வரை பரவித் தாடை இறுகி, தனுர்வாதம் வந்துவிட்டதோ என்று அஞ்சியதையும், கை நீரில் படும்போதெல்லாம் வலி திரும்பியதையும், முற்றிலும் நீங்க 9 நாள் ஆனதையும் பதிவு செய்திருக்கிறார். நீலகிரி நெட்டிலுக்கு முன்பு வழங்கிய தாவரவியல் பெயர் ஒன்று இவரை நினைவுகூர்வதே. ஆஸ்திரேலியாவின் கிம்பி-கிம்பி மரத்தின் சுணை மாதக்கணக்கில் வலி தரவல்லது. சிலந்தி, கூம்பு நத்தை ஆகியவற்றின் நஞ்சை ஒத்த புரதக்கூறுகள் அதில் இருப்பதை 2020-ல் கண்டறிந்தார்கள். நியூசிலாந்தின் அர்ட்டிகா ஃபெராக்ஸ் 1961-ல் ஒருவரின் உயிரையே பறித்தது.

கையாளும் முறை சுணையின் அமைப்பிலிருந்தே பிறக்கிறது. சுணைகள் செடியின் நுனியை நோக்கிச் சாய்ந்திருக்கும். ஆகவே அடியிலிருந்து மேல்நோக்கி உறுதியாகத் தடவினால் அவை படிந்துவிடும், மேலிருந்து கீழாகத் தடவினால் குத்தும். தயங்கித் தயங்கித் தொடுபவருக்குக் கடுப்பு மிகுதியாகவும் இறுகப் பற்றுபவருக்குக் குறைவாகவும் இருப்பதன் காரணம் இதுவே. எனினும் புதியவர்கள் தடித்த இரப்பர் கையுறையும் முழுக்கைச் சட்டையும் அணிவதே அறிவுடைமை. மெல்லிய பருத்திக் கையுறையைச் சுணை ஊடுருவிவிடும்.

குத்திவிட்டால் முதலில் தேய்க்காதீர்கள். தேய்த்தால் உடையாமல் தோலில் ஒட்டியிருக்கும் சுணைகளும் உடையும். சில நிமிடங்கள் காயவிட்டு, சோப்பும் குளிர்ந்த நீரும் கொண்டு கழுவி, ஒட்டுநாடாவை அழுத்தி எடுத்தால் மீதிச் சுணைகள் வந்துவிடும். கலமைன் பூச்சோ ஒவ்வாமை மாத்திரையோ அரிப்பைத் தணிக்கும். பக்கத்தில் முளைத்திருக்கும் டாக் என்னும் ருமெக்ஸ் இலையைத் தேய்க்கும் வழக்கம் பிரிட்டனில் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். இமயமலை மக்களும் தங்கள் ஊர் ருமெக்ஸையே தேடுகிறார்கள். அதன் சாறு காரத்தன்மை உடையது, அமிலத்தை முறிக்கிறது என்ற விளக்கம் நிற்காது. கசங்கிய இலையின் குளிர்ச்சி ஆறுதல் தருகிறது என்ற அளவில் அதை ஏற்கலாம். மூச்சுத் திணறலோ முகவீக்கமோ ஏற்பட்டால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மூன்றாம் படி: செடி நிற்கும் மண்ணைப் படித்தல்

பெரும்பாலோர் தாண்டிவிடும் படி இதுதான். என் மதிப்பில் நெட்டிலைப் பற்றி அறியத்தக்கவற்றுள் முதன்மையானதும் இதுவே.

நெட்டில் நைட்ரஜன் மிகுந்த மண்ணை விரும்புவது என்று எங்கும் எழுதியிருப்பார்கள். 1964-ல் பிகாட், டெய்லர் ஆகிய இருவரும் காட்டு மண்ணில் நாற்றுகளை வளர்த்துப் பார்த்தபோது, பாஸ்பேட் கிடைக்காவிட்டால் நாற்று தேறுவதே இல்லை என்பது தெளிவாயிற்று. பாஸ்பேட் எங்கிருந்து வருகிறது? எலும்பு, சாணம், சிறுநீர், அடுப்புச் சாம்பல், சமையற்கட்டுக் கழிவு ஆகியவற்றிலிருந்து, அதாவது மனிதனும் அவன் கால்நடையும் வாழ்ந்த இடத்திலிருந்து வருகிறது. நைட்ரஜன் மழையில் கரைந்து போய்விடும். பாஸ்பேட் மண்ணோடு பிணைந்து நூற்றாண்டுகள் தங்கிவிடும். மக்கள் கைவிட்டுப்போன கிராமங்களின் சுவர்கள் மண்ணோடு மண்ணான பின்னும், கொட்டிலும் கழிவறையும் குப்பைமேடும் இருந்த இடங்களில் நெட்டில் அடர்ந்து நிற்கிறது. பழங்குடியிருப்புகளைத் தேடும் தொல்லியலாளர்கள் திறந்தவெளியில் காரணமின்றி நிற்கும் நெட்டில் புதரை ஒரு தடயமாகவே கொள்கிறார்கள்.

சமைப்பவருக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. இவ்வளவு ஆவலோடு மண்ணை உறிஞ்சும் செடி, அம்மண்ணில் வேறு என்ன இருந்தாலும் அதையும் எடுத்துக்கொள்ளக்கூடும். பழைய தொழிற்சாலை நிலம், இரயில் பாதையோரம், போக்குவரத்து மிகுந்த சாலையோரம், உரமும் களைக்கொல்லியும் தெளிக்கும் வயலின் ஓரம் ஆகிய இடங்களில் பறிக்கவேண்டாம். நாய்களை நடத்திச் செல்லும் பாதையில் முழங்காலுக்குக் கீழுள்ளதைத் தொடவே வேண்டாம். காட்டின் உட்புறமும் ஓடைக்கரையும் தக்க இடங்கள். பிரிட்டனில் பொதுவழியில் நிற்கும் காட்டுச்செடியின் இலையைச் சொந்த உபயோகத்துக்குப் பறிப்பதில் பொதுவாகத் தடையில்லை. ஆனால் நிலவுடைமையாளரின் அனுமதியின்றி வேரோடு பிடுங்குவதை 1981-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

நான்காம் படி: பறிக்குமுன் இலையைப் பார்த்தல்

கால்நடைகளை விரட்டத்தான் சுணை உள்ளது. மேய்ச்சல் மிகுந்த இடங்களில் வளரும் நெட்டிலில் சுணை கூடுதலாக இருப்பதும் அளந்து காட்டப்பட்டிருக்கிறது. ஆனால் பூச்சிகளுக்குச் சுணைகளுக்கிடையே நடமாட இடம் தாராளமாக உண்டு. மாடு வராத செடி என்பதே அவற்றுக்குப் பாதுகாப்பு. சிறிய டார்ட்டாய்ஸ்ஷெல், பீகாக், ரெட் அட்மிரல் ஆகிய வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் ஐரோப்பாவில் பெரும்பாலும் நெட்டிலையே நம்பி வாழ்கின்றன. முதலிரண்டும் வெயில் படும் செடிகளின் உச்சியில் வலை பின்னிக் கூட்டமாக இருக்கும். மூன்றாவது, இலையை மடித்துக் கூடாரமாக்கி அதனுள் தனித்து வாழும். நீலகிரியில் இந்திய ரெட் அட்மிரலும் அங்குள்ள நெட்டிலில்தான் முட்டையிடுகிறது. வசந்தத்தின் தொடக்கத்தில் நெட்டிலில் பெருகும் அசுவினி, குளிரிலிருந்து விழித்தெழும் பொறிவண்டுகளுக்கு முதல் இரை. அப்பொறிவண்டுகளே பிறகு காய்கறிப் பாத்திக்கு வருகின்றன.

ஆகவே வலையோ மடிந்த இலையோ தென்பட்டால் அச்செடியை விட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள். சொந்தத் தோட்டத்தில் நெட்டில் புதர் இருந்தால், புழுக்கள் இல்லாத பாதியை ஜூன் மாதத்தில் வெட்டிவிடுங்கள். வெட்டிய இடத்தில் துளிர்க்கும் இளந்தளிர், வண்ணத்துப்பூச்சிகளின் அடுத்த தலைமுறைக்கும் உங்கள் சமையலுக்கும் ஒருசேரப் பயன்படும்.

ஐந்தாம் படி: பறித்தலும் சமைத்தலும்

பருவம் மார்ச் முதல் மே வரை. செடி பூக்கத் தொடங்கியபின் இலைகளில் சுண்ணாம்புத் துகள்கள் திரள்கின்றன. அவை வாயில் மணல்போல் நெருடுவதோடு சிறுநீர்ப் பாதையையும் உறுத்தக்கூடும் என்பதால் பூத்த செடியை உணவுக்குத் தவிர்க்க வேண்டும். உச்சியிலுள்ள நான்கு அல்லது ஆறு இலைகளை மட்டும் கத்தரியால் வெட்டித் துணிப்பையில் நேராக விழச்செய்தால் கையால் தொடவேண்டிய தேவையே இராது. வெந்தால் வெகுவாகச் சுருங்கும் என்பதால், முருங்கைக்கீரைக்கு எடுப்பதைவிடக் கூடுதலாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் அகலமான பாத்திரத்தில் நீர் நிரப்பி, இடுக்கியால் கிளறிக் கழுவி, கொதிநீரில் 2 நிமிடம் போட்டு எடுங்கள். வெந்தவுடன் சுணை குழைந்து செயலிழக்கிறது. அதன்பின் வெறுங்கையால் பிழிந்து நறுக்கலாம். வெந்த நெட்டிலின் சுவை பசலையை ஒத்து, சற்றே அழுத்தமானது. நம் சமையலுக்கு இது அயல் பொருளே அன்று. வேகவைத்த பாசிப்பருப்புடன் சேர்த்துக் கடைந்து, கடுகு, சீரகம், பூண்டு, காய்ந்த மிளகாய் தாளித்தால் நல்ல கீரைக் கடைசல் கிடைக்கும். நேபாளத்தில் சிஸ்னு என்றும் உத்தராகண்டில் கண்டாலி என்றும் அழைக்கப்படும் இமயமலை நெட்டில்களை அங்குள்ளவர்கள் ஏறக்குறைய இவ்வாறே, அரிசி நொய்யோ மாவோ சேர்த்துக் குழம்பாக்கிச் சோற்றுடன் உண்கிறார்கள். திபெத்திய யோகி மிலரேபா, குகையில் தவமிருந்தபோது நெட்டில் மட்டுமே உண்டு உடல் பச்சை நிறமாகிவிட்டார் என்பது மரபு. ஓவியங்களிலும் அவரைப் பச்சையாகத் தீட்டுவதுண்டு. ஐரோப்பாவில் குளிர்காலச் சேமிப்பு தீர்ந்து புதுக்காய்கறி வருமுன் இடைப்பட்ட பஞ்சக் காலத்தில் முதலில் முளைக்கும் பச்சை இதுவே. இலண்டன் நாட்குறிப்பாளர் சாமுவேல் பீப்ஸ் 1661 பிப்ரவரி 25 அன்று நண்பர் வீட்டில் நெட்டில் கஞ்சி உண்டு, நன்றாயிருந்தது என்று குறித்திருக்கிறார்.

இரும்பு, கால்சியம், வைட்டமின் ஏ, சி, கே ஆகியவை இதில் மிகுதி. இரத்தம் உறையாமைக்கு வார்ஃபரின் போன்ற மருந்து எடுப்போர் வைட்டமின் கே காரணமாக மருத்துவரைக் கேட்டே உண்ணவேண்டும். கர்ப்பிணிகளுக்கும் சிறுநீரகக் கோளாறு உடையோருக்கும் அதே எச்சரிக்கை பொருந்தும்.

மருத்துவப் பயன்களாகச் சொல்லப்படுபவை ஏராளம், சோதிக்கப்பட்டவை சில. மூட்டுவலிக்கு நெட்டிலால் அடித்துக்கொள்ளும் ஐரோப்பிய நாட்டு வழக்கம் வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் 2000-ல் வெளியான பிரிட்டன் ஆய்வொன்றில், கட்டைவிரல் மூட்டு தேய்ந்த 27 பேருக்கு ஒரு வாரம் நெட்டில் இலையும், மற்றொரு வாரம் முன்பு சொன்ன சுணையற்ற வெள்ளை டெட்நெட்டில் இலையும் வைத்துப் பார்த்தபோது, நெட்டில் வாரத்தில் வலி குறைந்தது. சிறிய ஆய்வு என்பதால் அதை வைத்து வைத்தியம் தொடங்கிவிட முடியாது.

ஆறாம் படி: நார் எடுத்தல்

உணவுக்கு இளஞ்செடி வேண்டும், நாருக்கோ முற்றிய செடி வேண்டும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஆளுயரத் தண்டுகளை அடியில் அறுத்து, கையுறை அணிந்த கையால் அடியிலிருந்து நுனிவரை உருவினால் இலைகளும் சுணைகளும் போய்விடும். தண்டை நீளவாக்கில் நசுக்கித் தட்டையாக்கி, உள்ளே வெள்ளையாக இருக்கும் மரப்பகுதியை நடுவில் ஒடித்து மேல்நோக்கித் தள்ளினால், பட்டை நீண்ட நாடாவாக உரிந்து வரும். உடனே திரித்தால் காயும்போது சுருங்கிக் கயிறு தளர்ந்துவிடும். ஆகவே நிழலில் உலர்த்தி, பின் சற்றே நனைத்து, இரண்டு புரியாக முறுக்குங்கள். வாழைநாரில் பூத்தொடுத்துப் பழகிய விரல்களுக்கு இது விரைவில் கைவரும்.

கயிறுக்கு இது போதும், துணிக்கு இன்னும் உழைப்பு வேண்டும். நேபாளத்தின் சங்குவாசபா மாவட்டத்தில் அல்லோ என்று வழங்கும் செடி நீலகிரியில் உள்ள அதே ஜிரார்டினியா. அங்குள்ள ராய் இனப் பெண்கள் பட்டையை மரச்சாம்பலுடன் மணிக்கணக்கில் வேகவைத்து, மரக்கட்டையால் அடித்து, ஓடையில் அலசி, இழைகள் ஒட்டாமலிருக்க வெண்களிமண் பூசி உலர்த்தி, நடந்துகொண்டே கைத்தக்கிளியில் நூற்கிறார்கள். ஐரோப்பாவிலும் இது தொன்மையானது. டென்மார்க்கின் லூசஹோய் மேட்டில், எரித்த எலும்புகளைச் சுற்றி வெண்கலக் கலத்தில் வைக்கப்பட்டிருந்த 2,800 ஆண்டு பழைய துணி நெட்டில் நாரால் ஆனது. அந்நார் இன்றைய ஆஸ்திரியப் பகுதியில் வளர்ந்திருக்கலாம் என்று 2012-ல் வெளியான ஆய்வு காட்டியது. லினன் துணிக்கான ஆளிச்செடியைப் பயிரிடத் தெரிந்த சமூகம், தன் ஊரிலும் முளைக்கும் நெட்டிலின் துணியைத் தொலைவிலிருந்து தருவித்திருக்கிறது என்றால், அது ஏழையின் மாற்றுத் துணியாக இருந்திருக்க முடியாது.

முதல் உலகப்போரில் பருத்தி கிடைக்காத ஜெர்மனி, படைவீரர் உடைகளுக்காகக் காட்டு நெட்டிலைத் திரட்டியது. காட்டுச்செடியில் நார் நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்து பங்கே என்பதால், ஹாம்பர்க்கில் பிரெடெமான் என்னும் தாவரவியலாளர் பல ஆண்டுகள் நார் மிகுந்த செடிகளைத் தெரிவு செய்து வளர்த்து அதை மும்மடங்காக்கினார். எனினும் பருத்தி மீண்டும் மலிவானதும் அம்முயற்சி மங்கிவிட்டது.

ஏழாம் படி: ஊறல் உரம்

மீந்த இலையும் தண்டும் உரமாகும். பூ விதையாவதற்கு முன் அறுத்த பச்சை நெட்டில் 1 கிலோவை நறுக்கி, பிளாஸ்டிக் வாளியில் 10 லிட்டர் மழைநீரில் அமிழ்த்தி, காற்றுப்போகும்படி இலேசாக மூடி, இரண்டு நாளுக்கொரு முறை கிளறுங்கள். ஏறக்குறைய இரண்டு வாரத்தில் நுரை அடங்கும். நாற்றம் கடுமையாக இருக்குமாதலால், உங்கள் வீட்டுக்கு மட்டுமல்ல, பக்கத்து வீட்டுக்கும் எட்டாத மூலையில் வைப்பது நல்லது. வடிகட்டி, ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு நீர் கலந்து வேரில் ஊற்றலாம். தக்காளி, பூசணி போன்ற பசியுள்ள செடிகளுக்கு ஏற்றது, அவரை இனத்துக்குத் தேவையில்லை.

இந்த எளிய ஊறலுக்காகப் பிரான்சில் ஒரு சட்டப்போரே நடந்தது. 2006-ஆம் ஆண்டு வேளாண் சட்டம் அங்கீகாரமற்ற பயிர்ப்பாதுகாப்புப் பொருள்களைப் பரிந்துரைப்பதையே தடுத்ததால், பாட்டி காலத்து நெட்டில் ஊறலைப் பற்றிப் பிறருக்குச் சொல்வதும் குற்றமாகிவிடும் என்று தோட்டக்காரர்கள் கொதித்தெழுந்தனர். 2011-ல் அரசாணை ஒன்று செய்முறையை வரையறுத்து அனுமதி வழங்கியது. 2017-ல் ஐரோப்பிய ஒன்றியமும் நெட்டிலை, பயிர்ப்பாதுகாப்புக்குப் பயன்படுத்தத்தக்க அடிப்படைப் பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. வடிகட்டியபின் எஞ்சும் சக்கையைக் குப்பைக்குழியில் போடலாம். உண்ணும் கீரைகளின் இலைமேல் மட்டும் ஊறலைத் தெளிக்காமல், வேரில் ஊற்றுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.